காட்டுக்குத் தெற்கு

பாலைப்பழம் தின்றால் உதடு ஒட்டிக்கொள்ளும். வேப்பம்பழ அளவுதான் இருக்கும். மஞ்சள் நிறம், உள்ளே பளபளவென்று ஒரு கொட்டை. தித்திப்பு என்றால் அப்படியொரு தித்திப்பு. ஆனால் ஒரு கை நிறையத் தின்றுவிட்டால் அதன் பால் கோந்தாக இறுகி, மேலுதடும் கீழுதடும் பிரியாது. ஆயா எண்ணெயைத் தொட்டுத் தேய்த்துப் பிரித்துவிடுவாள். தேய்த்துக்கொண்டே திட்டுவாள். எதிர்த்துப் பேச முடியாத பேரன் கிடைப்பது அபூர்வம் என்பதால், ஆனி ஆடியில் மற்ற மாதத்துக் குற்றங்களுக்கும் சேர்த்தே திட்டு விழும்.

அந்த மரம் அய்யனார் காட்டின் தெற்கு ஓரத்தில் நின்றது. அதை ஒட்டி எங்கள் முந்திரிக்கொல்லை. விழுப்புரம் மாவட்டத்தின் கிழக்குக் கடைசி; புதுச்சேரிக்கு வடக்கே, கழுவெளிக்குத் தெற்கே, கடலைப் பார்த்து மேடாகக் கிடக்கிற செம்மண் பூமி. ஊர்ப் பெயர் வேண்டாம். சொன்னால் மனை விலை விசாரிக்க ஆள் வந்துவிடும்.

அய்யனார் காடு என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். இந்தப் பக்கம் நின்று கூப்பிட்டால் அந்தப் பக்கம் கேட்கும். ஆனால் உள்ளே போய்விட்டால் மத்தியானத்திலும் சாயங்காலம்தான். வீரை, காசான், உலக்கைப்பாலை, நெய்க்கொட்டான், கருங்காலி. கீழே சுளுந்தும் கொஞ்சியும் களாவும் காலைப் பிடிக்கும். மரத்துக்கு மரம் தொடைக் கனத்தில் கொடிகள் தொங்கும். நடுவே ஒரு வெட்டவெளியில் அய்யனார், சுற்றிலும் சுடுமண் குதிரைகள். புதுசு நிமிர்ந்து நிற்கும். பழசு காலொடிந்து படுத்திருக்கும். அதற்கும் பழசு, காது எது வால் எது என்று தெரியாமல் ஓட்டுச் சில்லாகக் கிடக்கும். யாரும் அதை வாரிப் போட மாட்டார்கள். அதன் மேல் சருகு விழும், சருகின் மேல் அடுத்த குதிரை விழும்.

அந்தக் காட்டிலிருந்து ஒரு சுள்ளிகூட வீட்டுக்கு வரக்கூடாது. தானாக விழுந்து காய்ந்ததாக இருந்தாலும் கூடாது. பொங்கல் வைக்க வருகிறவர்கள் அங்கேயே பொறுக்கி அங்கேயே எரிக்கலாம். மிச்சத்தை அங்கேயே விட்டுவிட வேண்டும். எங்கள் வீட்டில் முந்திரிச் சருகை வாரி வந்துதான் அடுப்பெரித்தோம். மழைக்காலத்தில் அதுவும் நமுத்துப்போய், ஊதி ஊதி ஆயாவின் கண் சிவந்து கிடக்கும். கூப்பிடு தூரத்தில் விறகு குவிந்து மக்கிக்கொண்டிருந்தது. எனக்கு எட்டு வயது இருக்கும். கில்லித்தாண்டுக்கு ஏற்ற நேரான காசான் குச்சி ஒன்றைக் கண்டுவிட்டேன். காசான் லேசில் உடையாது. இடுப்பில் செருகிக்கொண்டு வந்தேன்.

"இன்னாடா அது இடுப்புல?"

சொன்னேன்.

"போயி வச்சிட்டு வா."

"இருட்டாயிடுச்சி ஆயா."

"எடுக்கிறப்ப வெளிச்சமாத்தான இருந்துச்சி?"

அழுதுகொண்டே போனேன். பின்னால் வருகிறாளா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன், வரவில்லை. பாலைமரத்தடிவரை போய், அதற்கு மேல் கால் நகராமல், இருட்டுக்குள் குச்சியை வீசிவிட்டு ஓடிவந்துவிட்டேன். எடுத்த இடத்தில் வைக்கவில்லை என்பதை ஆயாவிடம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

அப்பாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு பத்திரம் இருந்தது. தாத்தா வாங்கிய கிரயப் பத்திரம், மடிப்பு மடிப்பாகக் கிழிந்தது. அதில் எனக்குப் பிடித்த இடம் செக்குபந்தி. நான்கெல்லையைச் சொல்கிற பகுதி. அய்யனார் கோயில் காட்டுக்குத் தெற்கு, வண்டிப்பாதைக்கு மேற்கு, பனைவரிசைக்கு வடக்கு, இன்னாருடைய கொல்லைக்குக் கிழக்கு, இதன் மத்தியில் என்று ஓடும். நிலத்தின் பேச்சே அதில் இருக்காது, அக்கம்பக்கத்தின் பேச்சுதான். எங்கள் ஊரில் புது மருமகளை விசாரிப்பதும் இப்படித்தான். நான் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் பத்திரச் சொல் செக்குபந்தி. அதுவே பிழைப்பாகும் என்று அப்போது யார் கண்டது.

பத்தாவது தவறியதும் ஒரு தனியார் சர்வேயரிடம் சங்கிலி பிடிக்கச் சேர்ந்தேன். 66 அடிச் சங்கிலி, 100 கண்ணி. கண்ணி என்று யாரும் சொல்ல மாட்டோம், லிங்ஸ்தான். பத்துச் சதுரச் சங்கிலி சேர்ந்தால் ஒரு ஏக்கர். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. எங்கள் பக்கம் இன்னொரு தொல்லை உண்டு. தமிழ்நாடும் புதுச்சேரியும் துண்டு துண்டாகக் கலந்து கிடக்கிற இடம். இந்த வரப்பில் சென்ட் பேசுவார்கள், அந்த வரப்பில் குழி பேசுவார்கள். சார் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொல்வார்: "நெலம் பொய் சொல்லாதுடா. கல்லுதான் சொல்லும்." எல்லைக்கல் ராத்திரியில் நடக்கும் என்பதை நாலைந்து ஊரில் பார்த்த பிறகுதான் அது எனக்கு விளங்கியது.

அ-பதிவேட்டில் எந்த நிலமும் பெயரில்லாமல் இருக்காது. பட்டா, புறம்போக்கு. புறம்போக்கில் ஏரி, வண்டிப்பாதை, மேய்க்கால், சுடுகாடு, கோயில். தரிசில் தீர்வை ஏற்பட்டது, ஏற்படாதது. போகிற ஊரிலெல்லாம் கோயில் காட்டுக்கு என்ன பெயர் எழுதியிருக்கிறது என்று பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. எங்கள் ஊரில் கோயில் புறம்போக்கு. பக்கத்து ஊரில் அச்சு அசலாக அதே மாதிரிக் காடு, தரிசு. இன்னொரு ஊரில் ஒரு குடும்பத்தின் பட்டாவுக்குள்ளேயே இருந்தது. மூன்றிலும் அதே வீரை, அதே காசான். காடு என்று மட்டும் எங்கேயும் இல்லை. காடு என்று எழுதினால் அது வனத்துறைக்காரன் வீட்டுப் பிள்ளை. வருவாய்த்துறைக் கணக்கில் அதற்கு இடமில்லை.

சங்கிலி பிடித்த காலத்தில்தான் ஆரோவில் பக்கம் போக வர ஆரம்பித்தேன். 1968 பிப்ரவரியில் 124 நாடுகளின் மண்ணை ஒரு தாழியில் போட்டு அந்த நகரத்தைத் தொடங்கினார்கள். எங்கள் ஊர்க் கிழவர்கள் அதைப் பேச்செடுத்தால், "ஊரூரா மண்ணு இங்க வந்துச்சி, நம்ம மண்ணு கடலுக்குப் போயிட்டிருந்துச்சி" என்பார்கள். அதுவும் நிஜம்தான். அந்த மேட்டில் அப்போது பனையை விட்டால் கண்ணுக்கு எட்டியவரை நிழலில்லை என்பார்கள். ஐப்பசி மழை விழுந்தால் செந்தண்ணீர் பள்ளம் பறித்துக்கொண்டு ஓடும். கரையோரம் கடல் சிவந்து கிடக்கும்.

இரும்பை மாகாளேஸ்வரர் கோயிலில் பிளந்த லிங்கத்துக்குப் பூண் போட்டிருக்கிறது. கடுவெளிச் சித்தரை ஊர் பழித்தது, அவர் பாடினார், லிங்கம் வெடித்தது, இந்த வட்டாரம் புல்பூண்டில்லாமல் போகட்டும் என்று சபித்தார், பிறகு மனமிரங்கி, தூரதேசத்து ஆட்கள் வந்து பச்சையாக்குவார்கள் என்றார். கதையின் பின்பாதியை யார், எப்போது ஒட்டினார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ஆனால் நல்ல கதை. தூரதேசத்து ஆட்கள் வந்தார்கள், மெய்தான். அவர்களோடு மண்வெட்டி பிடித்த குயிலாப்பாளையம், கோட்டக்கரை, இடையஞ்சாவடி ஆட்களைக் கதையில் காணோம்.

அந்த மண்வெட்டி ஆட்களில் ஒருவர்தான் கரையண்ணன். வயசுக் காலத்தில் ஆரோவிலில் கரை போடப் போனவர். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. சரிவுக்குக் குறுக்கே இடுப்பளவு கரை, கரைக்கு உள்பக்கம் குழி. விழுந்த மழை விழுந்த இடத்திலேயே நிற்க வேண்டும், அதுதான் வேலை. "மொதல்ல தண்ணிய நிக்க வச்சோம். அப்புறந்தான் மரத்த" என்பார். மரத்திலும் முதலில் வந்தது ஆஸ்திரேலிய அகேசியா. வொர்க் ட்ரீ என்று வெள்ளைக்காரர்கள் சொன்னதைக் கேட்டு எங்களவர்கள் வேலைமரம் என்றார்கள். கிடுகிடுவென்று வளரும், நிழல் போடும், இலையைக் கொட்டும். அந்த நிழலில்தான் நம்மூர் மரத்தின் கன்றுகளைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

அந்தக் கன்றுக்கு விதை எங்கே இருந்தது? எல்லாம் வெட்டிப் போன நாட்டில் தாய்மரம் எங்கே நின்றது? அய்யனாரிடம்தான். தேங்காய், கற்பூரத்தோடு போய்ப் பூசாரியிடம் சொல்லிவிட்டு விதை பொறுக்கியதைக் கரையண்ணன் சொல்வார். ஆயா கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று தெரியவில்லை. சுள்ளி கூடாது, விதை? அவள் சட்டத்தில் அதற்கு விதி எழுதப்படவே இல்லை. பறவை கொண்டுபோவதை அவள் என்றும் திட்டியதில்லை.

கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் காட்டுக்கு முதல் முறை போனது அவரோடுதான். ஈ.சி.ஆர். சாலையில் சென்னைப் பேருந்துகள் பறக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும், பத்தெட்டு உள்ளே வைத்தால் குறைந்துவிடும். ஞாயிறு, திங்களில் காது குத்தும் கூட்டம், மொட்டை, கிடா, மைக்செட். அந்தக் களேபரத்துக்குப் பின்னால் காடு தன்பாட்டுக்கு நிற்கும். கோரமண்டல் கரையின் இந்தக் காட்டுக்கு உலர் பசுமைமாறாக் காடு என்று பெயர் என்பதை அங்கே சந்தித்த ஒரு தாவரவியல் மாணவர் சொன்னார். புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனத்தாரும் பல்கலைக்கழகத்தாரும் இந்தக் காடுகளை மரம் மரமாக அளந்து எண் கட்டியிருக்கிறார்கள். வருஷ மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையிலேயே கொட்டித் தீர்ந்துவிடும்; மீதி மாதமெல்லாம் காய்ச்சல். அப்படி இருந்தும் இந்த மரங்கள் இலையை உதிர்ப்பதில்லை. தோல் மாதிரி கெட்டி இலை. கோடையில் எங்கள் பக்கம் எது பச்சையாக இருக்கிறதோ அது ஒன்று சவுக்குத்தோப்பாக இருக்கும், இல்லை கோயிலாக இருக்கும்.

நான் போன அன்று காசான் பூத்திருந்தது. கிளையோடு ஒட்டிக்கொண்டு பூக்கிற ஊதா நீலம். இதுதான் காயாம்பூ என்று அந்த மாணவர் சொன்னபோது, பெருமாளுக்குச் சொல்கிற காயாம்பூ வண்ணம் இதுதானா என்று கொஞ்ச நேரம் பேசாமல் நின்றேன். நான் அதில் கில்லித்தாண்டு ஆடப் பார்த்தவன்.

ஈ.சி.ஆர். வந்ததும் எங்கள் பக்கத்தில் முந்திரியின் விலையை யாரும் கேட்கவில்லை, முந்திரி நிற்கிற மண்ணின் விலையைக் கேட்டார்கள். தங்கை கல்யாணத்துக்கு அப்பா கொல்லையை விற்றார். வாங்கியவர் மனைப்பிரிவு போட்டார். அளந்து கொடுக்க வந்தது சார். சங்கிலி போய் டேப் வந்திருந்தது, பிடித்தது நான். முந்திரியைப் பொக்லைன் பிடுங்கிப் போட்டது. மஞ்சளும் வெள்ளையும் அடித்த கற்களை என் கையால்தான் நட்டேன். சாமி பெயரில் ஒரு நகர் உருவானது, கலர்க் கொடியெல்லாம் கட்டி. பொக்லைன்காரன் ஓரத்தைச் சமப்படுத்துகிறேன் என்று காட்டுக்குள்ளும் கொஞ்சம் போய்வந்தான். புதுப் பத்திரங்களின் செக்குபந்தியில் வடக்கெல்லை மாறியது: 23 அடி ரோட்டுக்குத் தெற்கு.

அந்த 23 அடி ரோடு ஓரிடத்தில் மட்டும் 23 அடி இருக்காது. பாலைமரத்துக்கு எதிரே. டேப்பின் ஒரு முனை சார் கையில், மறுமுனை என் கையில். புதருக்குள் நின்றதால் என் கை அவருக்குத் தெரியாது. நாலடி உள்ளே தள்ளிக் கல்லை ஊன்றிவிட்டு, "சரியா இருக்குது சார்" என்றேன். சார் நிமிர்ந்து மரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நோட்டில் எழுதிக்கொண்டார். மூன்று தலைமுறை நிலத்தை விற்றுக் கொடுத்துவிட்டு நாலடியைத் திருடி வைத்துக்கொண்டேன் என்று பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் மரம் நிற்கிறது.

காட்டுக்கு அடுத்து வந்தது பக்தி. நகரில் வீடு கட்டியவர்களும் வெளிநாட்டிலிருந்த ஊர்ப் பிள்ளைகளும் பணம் போட்டுக் கோயிலைப் புதுப்பித்தார்கள். வெட்டவெளி அய்யனாருக்குக் கான்கிரீட் மண்டபம், கிரானைட் தரை, சுற்றிலும் டைல்ஸ். கும்பாபிஷேகம் நன்றாகவே நடந்தது, நானும் சாப்பிட்டேன். அதற்குப் பிறகுதான் ஒரு புகார் கிளம்பியது: சருகு விழுகிறது. டைல்ஸ் வழுக்குகிறது, கூட்டி மாளவில்லை. ஒரு வீரை போனது, இரண்டு நெய்க்கொட்டான் போனது. வண்டி நிறுத்த இடம் வேண்டும் என்று கிழக்குப் பக்கம் போனது. உடைந்த குதிரைகளை ஒரு டிராக்டரில் வாரிக்கொண்டு போனார்கள். சாமி பத்திரமாக இருந்தார். சாமிக்குப் பயந்து ஒரு சுள்ளியைத் தொடாத ஊர், சாமிக்காக என்றதும் மரத்தையே வெட்டியது. இதில் யார் மேலும் எனக்குக் கோபமில்லை என்று எழுத ஆசைதான்; வரவில்லை.

2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கரையேறியது. கடலூர்ப் பக்கம் முந்திரி வேரோடு போனதைப் பத்திரிகையில் எல்லாரும் படித்திருப்பார்கள். எங்கள் மேட்டிலும் முந்திரி, சவுக்கு, வேலைமரம் எல்லாம் ஒரே திசையில் படுத்துக் கிடந்தன. ரோட்டில் நடக்க வழியில்லை. நானும் கரையண்ணனும் மரத்தின் மேல் ஏறி ஏறி இறங்கி அய்யனார் காட்டுக்குப் போனோம். மிச்சமிருந்த காடு கிளை ஒடிந்து, இலை கிழிந்து, நின்றுகொண்டிருந்தது. விழுந்தவற்றை எண்ண ஒரு கை போதும். அவையும் ஓரத்து மரங்கள், பக்கத்துத் துணையை நாம் வெட்டிவிட்டதால் காற்றுக்குத் தனியாக நின்றவை. கரையண்ணன் ஒரு வீரையின் அடியைத் தட்டிப் பார்த்தார். "நாப்பது வருஷமா ஆரோவில்ல நான் நட்டது பாதி படுத்துடுச்சி. இத யாரும் நடல" என்றார். பீடி பற்ற வைக்க வாய்க்குக் கொண்டுபோய், எங்கே நிற்கிறோம் என்று நினைவு வந்து, திரும்பச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அந்தப் பொங்கலுக்குப் பிறகுதான் அறக்கட்டளைப் பேச்சு. ஓய்வு பெற்ற ஒரு வாத்தியார், ஒரு வக்கீல், டீக்கடைக்காரர், கரையண்ணன், நான். ரோட்டுக்குத் தெற்கே காட்டைப் பார்த்த மனைகள் சில விற்காமல் புதர் மண்டிக் கிடந்தன. காட்டுக்கு எதிரே வீடு கட்டினால் பாம்பு வரும் என்று யாரும் வாங்கவில்லை. பாம்புக்கு நன்றி. அதை வாங்கிக் காட்டோடு சேர்த்து விட்டுவிடுவது என்பதுதான் திட்டம். அப்பா விற்ற நிலத்தில் ஒரு துண்டைப் பிள்ளை நன்கொடை வசூலித்துத் திரும்ப வாங்குகிறான் என்று ஊரில் சிரித்தார்கள். சிரிக்கத் தகுந்ததுதான்.

யார் பெயரில் எழுதுவது என்பதில் இரண்டு மாதம் போனது. "அய்யனார் பேருக்கே எழுதிடலாம், அவரு விக்க மாட்டாரு" என்றார் டீக்கடைக்காரர். வக்கீல் சிரித்தார். சட்டப்படி சாமி ஒரு ஆள்தான், சொத்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் என்றைக்கும் மைனர். கையெழுத்துப் போட இன்னொருவர் வேண்டும். "டைல்ஸ் போட்டதும் அந்த இன்னொருத்தர்தான?" என்று வாத்தியார் கேட்டதோடு அந்த யோசனை முடிந்தது. நானே ஒரு கணம் ஆடிப்போனேன். மூவாயிரம் வருஷத்துச் சாமி என்பார்கள், மைனராம்.

ஆரோவிலில் தங்கியிருந்த ஒரு அமெரிக்க அம்மாள் எங்கள் டீக்கடைக் கூட்டத்துக்கு இரண்டு முறை வந்தார். அவர் ஊரில் இப்படி நிலத்தை வாங்கி வைத்துக் காப்பதற்கென்றே உள்ளூர் அறக்கட்டளைகள் இருக்கின்றனவாம். 1891-இல் மாசசூசெட்ஸில் சார்லஸ் எலியட் என்ற தோட்டக்கலை வடிவமைப்பாளர் தொடங்கி வைத்த வழி. நூலகம் புத்தகத்தையும் அருங்காட்சியகம் ஓவியத்தையும் ஊருக்காக வைத்திருக்கிற மாதிரி, நிலத்தையும் ஒரு அமைப்பு வைத்திருக்கட்டும் என்பது அவர் யோசனை. அங்கே இன்னொரு வசதியும் உண்டு. நிலத்தை விற்காமல், அதில் கட்டடம் கட்டும் உரிமையை மட்டும் எழுதிக் கொடுத்துவிடலாம்; பேரன் காலத்திலும் கட்ட முடியாது. நம் ஊரில் அதற்கென்று தனிச் சட்டம் கிடையாது என்றார் வக்கீல், ஆக முழுக்கிரயம்தான் வழி. நான் நூலகத்தைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். நூலகத்தில் புத்தகத்தை வீட்டுக்கு இரவல் தருவார்கள். ஆயா சுள்ளியைத் தர மாட்டாள்.

அறக்கட்டளைப் பத்திரத்தில் வக்கீல் ஒரு வரியைச் சேர்த்தார்: அறங்காவலர் யாரும் இந்த நிலத்தை விற்கவோ அடகு வைக்கவோ கூடாது, அறக்கட்டளை கலைந்தால் இதே நோக்கமுள்ள இன்னொரு அறக்கட்டளைக்குப் போக வேண்டும். எங்களையே நம்பாமல் நாங்களே எழுதிக்கொண்ட வரி.

கிரயம் எழுதுகிற அன்று பத்திர எழுத்தரோடு எனக்குச் சண்டை. அவர் தாய்ப்பத்திரத்தைப் பார்த்து, "23 அடி ரோட்டுக்குத் தெற்கு" என்று தட்டிக்கொண்டே போனார். நான் அய்யனார் காட்டுக்குத் தெற்கு என்று போடச் சொன்னேன். நடுவில் ரோடு இருக்கும்போது அதெப்படிப் போடுவது என்றார். முப்பது வருஷம் நிலம் அளந்தவன் நான். அவர் சொல்வதுதான் சரி என்று எனக்கும் தெரியும். கடைசியில், 23 அடி ரோட்டுக்கும் அதற்கு வடக்கே உள்ள அய்யனார் கோயில் காட்டுக்கும் தெற்கு என்று முடிந்தது. பணம் கொடுத்து எழுதுகிறவன் பைத்தியமாக இருந்தால் அவர் என்ன செய்வார்.

பிறகு வேலை. அதில் சொல்ல அதிகமில்லை, செய்யத்தான் அதிகம். மனைக்கல்லைப் பிடுங்கினோம். சீமைக்கருவேலை வேரோடு எடுத்தோம். அது திரும்ப வந்தது, திரும்ப எடுத்தோம். சரிவில் கரையண்ணன் கரை போட்டார். கம்பிவேலி வேண்டாம், கிளுவைப் போத்து நடலாம் என்றார், நட்டோம். விதை பொறுக்கியதும் பொறுக்கிய வாரமே போட வேண்டும். நாவல் விதையை எடுத்து வைத்து அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றால் செத்துவிடும். வேம்பும் புங்கனும் இரண்டே வருஷத்தில் தலைக்கு மேல் போயின. காசான் ஒரு வருஷத்துக்கு ஒரு விரல்கூட ஏறுவதாகத் தெரியவில்லை. பாலையும் அப்படித்தான். நன்கொடை கொடுத்தவர்கள் வந்து பார்த்துவிட்டு முகம் சுளித்தார்கள். கன்று வைத்துப் பத்து வருஷம் கழிந்து அதில் ஒரு பாலை என் இடுப்பளவு நிற்கிறது. அதைத்தான் நாங்கள் காடு என்று காட்டிக்கொண்டிருந்தோம்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் எங்கள் தலைமேலேயே நின்றுகொண்டது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. விடிந்ததும் நகரின் ரோட்டில் முழங்காலுக்கு மேல் செந்தண்ணீர். கரையண்ணனின் கரைகள் இரண்டு இடத்தில் உடைந்து, மற்றவை நின்றன. எங்கள் துண்டிலிருந்து வழிந்த தண்ணீர் தெளிவாக இருந்தது. வாத்தியார் அதை ஒரு பாட்டிலில் பிடித்து, ரோட்டுத் தண்ணீரை இன்னொரு பாட்டிலில் பிடித்து, டீக்கடை மேசையில் ஒரு வாரம் வைத்திருந்தார்.

மற்ற ஊர்ச் செய்திகளையும் அவர்தான் வெட்டி ஒட்டி வைப்பார். 2021-இல் கழுவெளி, 5,000 ஹெக்டேருக்கு மேல், பறவைகள் சரணாலயமானது. 2022-இல் மதுரை அரிட்டாபட்டி, தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம். அதே அரிட்டாபட்டியை உள்ளடக்கி 2024-இல் டங்ஸ்டன் சுரங்க ஏலம். ஊர் ஊராகத் திரண்டு நடந்த பிறகு 2025 ஜனவரியில் ரத்து. அந்த வருஷமே திண்டுக்கல் காசம்பட்டியில் வீரகோயில் காடு, 4.97 ஹெக்டேர், இரண்டாவது தலம். "அஞ்சு ஹெக்டேர்கூட இல்ல, அதுக்கு அரசாணை!" என்று வாத்தியார் எங்களுக்கு நம்பிக்கை ஊட்டுவார். கரையண்ணன் அரசாணைக்கெல்லாம் மயங்குகிறவரில்லை. தினமும் விடிகாலையில் கையில் ஒரு குச்சியோடு எல்லையைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வருவார், போகும்போது எங்கேயோ எடுத்த குச்சியை வரும்போது அங்கேயே போட்டுவிட்டு.

எங்கள் மனு ஒன்றுதான். ஒவ்வொரு ஜமாபந்தியிலும் அதையே கொடுப்பேன். அடங்கலில் பயிர் என்ற கலத்தில் எங்கள் துண்டுக்குப் பசலிக்குப் பசலி தரிசு என்றே வருகிறது. தரிசு என்றால் சும்மா கிடக்கிற நிலம், யாராவது எதற்காவது கேட்கலாம். மரங்கள் என்றாவது போடுங்கள் என்று கேட்போம். என்ன மரம், எத்தனை, எவ்வளவு மகசூல் என்று கேட்பார்கள். மகசூல் என்ற கேள்விக்கு எங்களிடம் பதில் கிடையாது. மறுவருஷமும் தரிசு.

பசலி 1434 முடிகிற ஆனி மாதம், கிராம நிர்வாக அலுவலராகப் புதிதாக வந்த பெண் தானே நேரில் வந்தார். என் மகள் வயதுதான் இருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார். ஒவ்வொரு கன்றுக்கும் பெயர் கேட்டார், நோட்டில் எழுதினார். காசானுக்கு எதிரே எழுதிவிட்டு, "இது இவ்ளோதான் வளருமாண்ணா?" என்று கேட்டார். புல வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு எல்லையைப் பார்த்தார். ரோட்டைப் பார்த்தார். பாலைமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றார். கரையண்ணன் கீழே விழுந்த பழங்களில் நல்லதாகப் பொறுக்கி ஒரு கை கொடுத்தார். எச்சரிக்கை எதுவும் சொல்லவில்லை. அந்தப் பெண் எல்லாவற்றையும் தின்றார். பிறகு ஏதோ கேட்க வாயெடுத்தார், வாய் வரவில்லை. டீக்கடையிலிருந்து எண்ணெய் வாங்கிவர ஆள் ஓடியது. அதுவரை கையால் சைகை காட்டி, சிரிக்கவும் முடியாமல், ரோட்டின் அகலத்தையும் மரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். உதடு பிரிந்ததும் என்ன கேட்க வந்தார் என்பது அவருக்கே மறந்துபோயிருந்தது. அப்படித்தான் சொன்னார்.

அடுத்த மாதம் அடங்கல் நகல் வாங்கினேன். பயிர்: தரிசு. பக்கத்தில் குறிப்பு என்ற இடத்தில் மட்டும் ஒரு வரி இருந்தது: பாலைமரம் 1.

எங்கள் துண்டில் அப்படி எழுதத் தகுந்த பாலைமரம் கிடையாது; இடுப்பளவுக் கன்றை மரம் என்று எந்தக் கணக்கிலும் எழுத மாட்டார்கள். அந்தப் பெரிய மரமோ எங்கள் புல எண்ணிலேயே இல்லை. வரைபடத்தின்படி அது ரோட்டில் நிற்கிறது. கவனிக்காமல் எழுதினாரா, டேப்பைப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதினாரா என்று நான் கேட்கப் போகவில்லை.